சூளைமேல் வைத்த கிடார் காயில்

1. கைக்குட்டையில் வந்தது

காலை ஏழரை மணி. ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். குமரேசன் குனிந்து உள்ளே வந்தார். கைக்குட்டையைப் பிரித்து என் உள்ளங்கையில் எதையோ வைத்தார். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"அக்கா, வெந்துடுச்சிக்கா."

முந்தின நாள் சாயங்காலம் நான் அவரிடம் கொடுத்தபோது அது ஒரு எலக்ட்ரிக் கிடாரின் பிக்கப், தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற சாமான். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பாபின், அதன்மேல் நான் மாய்ந்து மாய்ந்து சுற்றிய செம்புக் கம்பி, நடுவில் வரிசையாக ஆறு காந்தக் கட்டை. இப்போது பாபின் உருகி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கம்பி மொத்தமும் குழைந்து கட்டியாகிவிட்டது. காந்தங்கள் மட்டும் கோணல் பல் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் விட்டு அதற்கு மறுநாள் கோயில் மேடையில் அவருக்குக் கச்சேரி. அதில் கிடார் ஒழுங்காகப் பேசாவிட்டால், இருபத்திரண்டு வருஷமாக வாசிக்கும் குழுவில் அவருக்கு இடம் கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இப்படிச் செய்து வைத்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் முப்பத்தாறு வருஷமாக மோட்டார் வைண்டிங் வேலை பார்க்கிறேன். முதலில் இன்னொருவர் கடையில், அப்புறம் சொந்தக் கடையில். போர் மோட்டார், சீலிங் ஃபேன், மிக்ஸி, கிரைண்டர் என்று எது எரிந்தாலும் மங்கைக்கா கடைக்கு வரும். எனக்குக் கை சும்மா இருக்காது. சாப்பிடும்போதுகூட இடது கை ஏதாவது ஒரு கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கும். வேலையில் அது நல்லது என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக, நான் கெடுத்த வேலை ஒன்றை எழுதுகிறேன். சரியாகச் செய்த வேலையைப் பற்றித்தான் எல்லாரும் சொல்கிறார்களே.

2. எங்கள் ஊர் வழக்கம்

வைண்டிங் முடிந்ததும் காயிலை வார்னிஷில் முக்கிச் சூட்டில் காயவைக்க வேண்டும். அப்போதுதான் கம்பிகள் ஒன்றோடொன்று இறுகிப் பிடிக்கும், ஓடும்போது அதிராது. மற்ற ஊர்களில் இதற்கு ஓவன் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பெரிய பல்பை உள்ளே தொங்கவிடுவார்கள். எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் செராமிக் யூனிட். ஃபியூஸ் கட்டையும் கப்பும் பொம்மையும் சூளையில் வெந்துகொண்டே இருக்கும்போது நான் எதற்கு ஓவன் வாங்க வேண்டும்?

சூளையை ஒட்டி, இன்னும் வேகாத பச்சைச் சாமான்களைக் காயவைக்கிற அறை இருக்கும். சூளையின் வீணாகிற சூடு அங்கேதான் போகும். அந்த அறையின் மேல்தட்டில் வார்னிஷ் போட்ட ஸ்டேட்டர்களை, அதாவது காயில் உட்காருகிற மோட்டார்க் கூடுகளை, வைத்துவிட்டால் விடிவதற்குள் கல் மாதிரி இறுகிவிடும். குமரேசன் அந்த யூனிட்டில் சாமான் அடுக்குகிறவர், இறக்குகிறவர். பதினைந்து வருஷமாக என் ஸ்டேட்டர்களைத் தன் மொபெட்டில் வைத்துச் சாயங்காலம் கொண்டுபோய் காலையில் கொண்டுவருகிறவர் அவர்தான். நாற்பத்து நான்கு வயது, அதிர்ந்து பேசாத ஆள். ஆர்கெஸ்ட்ராவில் கிடார் வாசிப்பார் என்று தெரியும். ஒரு தடவைகூட நான் போய்க் கேட்டதில்லை. உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற பொறுமை எனக்கு ஏது?

அந்தக் கிடாரை அவர் முதன்முதலாகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தது, கச்சேரிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது.

"அக்கா, ஸ்ரீமுஷ்ணத்துல மானம் போயிடுச்சிக்கா" என்றுதான் ஆரம்பித்தார். அங்கே ஒரு கல்யாணக் கச்சேரி. கிடாரில் இரண்டு பிக்கப். பாட்டு நடுவில், தந்திகள் வந்து முடிகிற பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் செத்துவிட்டது. மற்றதிலிருந்து ஒரே இரைச்சல். குழுவை நடத்துகிறவரும் கீபோர்டு வாசிக்கிறவரும் ஒருவரே. மாஸ்டர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அவர் மைக்கிலேயே கேட்டுவிட்டாராம்: "குமரேசா, உன் கிடாரு பாடுதா, மாவு மில்லு ஓடுதா?"

"ஜனமெல்லாம் சிரிச்சிட்டாங்கக்கா. அப்புறம் வேன்ல வரும்போது சொல்றார், 'மாசி மகத்துக்கு மட்டும் வா, அப்புறம் பாத்துக்கலாம்'னு. அப்புறம் பாத்துக்கலாம்னா என்னா அர்த்தம்? கீபோர்டுலயே கிடார் சவுண்டு இருக்குது. ஒரு பட்டன் தட்டுனா போதும், நான் எதுக்கு?"

ஆன்லைனில் புதுசாக ஒரு ஜோடி பிக்கப் வாங்கிப் போட்டும் பார்த்திருக்கிறார். சத்தம் பெரிதாக வந்தது, ஆனால் காதைக் கிழித்தது, இரைச்சலும் குறையவில்லை. அதைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"பழசோட சவுண்டு எப்பிடி இருக்கும்னாக்கா..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டேன். மீட்டரை வைத்தேன். ஓப்பன். உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது.

"காயில் போயிருக்குது, அவ்ளோதான். சுத்திக் குடுத்துடறேன். சவுண்டெல்லாம் தானா வரும், நீ போப்பா."

"சரிக்கா, போயிட்டு வரேன்" என்று போய்விட்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனார்.

3. டேட்டா எடுக்காமல் வெட்டினேன்

வைண்டிங் தொழிலில் முதல் பாடம், பழைய காயிலை வெட்டுமுன் டேட்டா எடுப்பது. எத்தனை சுற்று, கம்பியின் கனம் என்ன கேஜ், எந்தத் திசை. இதை எழுதாமல் வெட்டினால் எங்கள் முதலாளி கையில் இருப்பதை எடுத்து வீசுவார். நான் அவர் கடையில் சேர்ந்த முதல் வாரமே கட்டிங் பிளேயரால் முதுகில் வாங்கியவள்.

அப்படிப்பட்ட நான், அந்தப் பிக்கப்பை பிளேடால் ஒரே கீறாகக் கீறி, பழைய கம்பியைப் பஞ்சு மாதிரி பிய்த்துப் போட்டேன். தலைமுடியைவிட மெல்லிசுக் கம்பி. அதைப் போய் யார் எண்ணிக்கொண்டு உட்காருவது என்ற அலட்சியம்தான். கேஜ் மட்டும் பார்த்தேன், நாற்பத்தாறு. ஃபேனுக்கு நாங்கள் போடுகிற கம்பி இதற்குப் பக்கத்தில் வைத்தால் கயிறு. மெட்ராஸிலிருந்து பஸ் பார்சலில் வரவழைக்க இரண்டு நாள் ஆனது.

சுற்ற உட்கார்ந்தால், ஃபேன் காயிலுக்கு இழுக்கிற மாதிரி இழுத்ததும் பட்டென்று அறுந்தது. இரண்டாம் தடவையும் அறுந்தது. மூன்றாம் தடவை ஃபேன் காற்றிலேயே அறுந்தது. கடை ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்வை ஒழுக ஒழுக, விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு மெதுவாகச் சுற்றினேன். மெதுவாக என்கிற வார்த்தையே எனக்கு ஆகாது. கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

எத்தனை சுற்று? அதுதான் எழுதவில்லையே. டிரான்ஸ்ஃபார்மரில் சுற்று கூடினால் வோல்ட் கூடும். இங்கேயும் அதே கணக்குதானே என்று பாபின் கொள்ளுமட்டும் சுற்றினேன். பதினோராயிரத்தைத் தாண்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் சுற்றிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் ஒரு நாள் கடைக்கு வந்தார். அவர் வீட்டு கிரைண்டர் மோட்டார் என்னிடம்தான் இருந்தது. மேஜையில் கிடார் பிரிந்து கிடப்பதைப் பார்த்தார்.

"என் மேல கோவப்படாதீங்க. அவன் நல்லாத்தான் வாசிப்பான். ஆனா இரைச்சல் வந்தா கமிட்டிக்காரங்க என்னைத்தான் கேக்குறாங்க. இவன் ஒவ்வொரு கச்சேரிக்கும் வேண்டிக்கிட்டே பிளக்கு சொருகறான். கீபோர்டுல கம்பி அறுந்து போவுமா? இரைச்சல் வருமா? சொல்லுங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

"உங்க கிரைண்டருக்கு நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் குமரேசன் சின்ன ஆம்ப்ளிஃபயரோடு வந்தார். பிக்கப்பை மாட்டி ஒரு தட்டு தட்டினார். நல்ல சத்தம்.

"வருதில்ல?" என்றேன்.

"வருதுக்கா." இன்னும் கொஞ்சம் வாசித்தார். முகம் தெளியவில்லை. "கம்பளிக்குள்ளேருந்து கேக்குற மாதிரி இருக்குதுக்கா."

"சத்தம் வேணும்னுதானே வந்த? வருது. அப்புறம் என்னா?"

அவர் வால்யூமைக் கூட்டினார். கீ என்று ஓர் ஊளை எழுந்து தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பைத் தட்டினேன். தட்டின சத்தம் ஆம்ப்ளிஃபயரில் கேட்டது. காரணம் எனக்கு உடனே பிடிபட்டது. உள்ளே கம்பி இறுக்கமில்லாமல் அதிர்கிறது; ஆகவே ஊளையிடுகிறது. அதிர்கிற காயிலுக்கு முப்பத்தாறு வருஷமாக எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. வார்னிஷ் டப்பாவைத் திறந்து முக்கி எடுத்து, சொட்டவிட்டு, அவர் கையில் கொடுத்தேன்.

"சூளைக்குக் கொண்டு போ."

அவர் அதைப் பார்த்தார். "பிளாஸ்டிக்காச்சேக்கா. தாங்குமா?"

"எத்தினி வருஷமா அனுப்புறேன், எனக்குத் தெரியாதா?"

அவர் நம்பினார். அதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. சூளைச் சூடு என்னவென்று தினம் தினம் அதில் நிற்கிற அவருக்குத்தான் என்னைவிடத் தெரியும். ஆனாலும் அக்கா சொல்லிவிட்டாள் என்று, வழக்கமாக ஸ்டேட்டர் வைக்கிற மேல்தட்டில், தன் கையாலேயே தன் பிக்கப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

4. டிங், டொக்

அந்தக் காலையில் எனக்கு வந்த கோபத்தை அவர் மேலேயே கொட்டினேன். கீழ்த்தட்டில் வைக்க வேண்டியதுதானே, நடுவில் எடுத்துப் பார்க்க வேண்டியதுதானே, கண் என்ன முதுகிலா இருக்கிறது என்று என்னென்னவோ கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"லோடு இறக்கணும்க்கா. போயிட்டு வரேன்" என்றார் கடைசியில். உருகின பிக்கப்பை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

வேலை ஓடவில்லை. ஒரு ஃபேனைப் பிரித்தேன், அப்படியே வைத்தேன். டீ வாங்கினேன், குடிக்கவில்லை. ஷட்டர் வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், "என்னாங்க, கூண்டுல போட்ட மாதிரி நடக்கறீங்க?" என்று கேட்டார். பன்னிரண்டு மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து யூனிட்டுக்குப் போனேன். பதினைந்து வருஷமாக என் சரக்கு போய் வருகிற இடம். நான் போனது அன்றைக்குத்தான்.

குமரேசன் சூளையிலிருந்து வந்த வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து கப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு கப்பாக எடுப்பார், விரல் கணுவால் ஒரு தட்டு தட்டுவார். டிங் என்றால் வலது பக்கம். டொக் என்றால் இடது பக்கம். டொக் என்கிற கப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்குமாம். அவர் கப்புகளைப் பார்க்கவே இல்லை. கண் எங்கோ இருந்தது, காது மட்டும் வேலை செய்தது. கை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. இடது பக்கம் போட்ட ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தபோது மயிரிழை மாதிரி ஒரு கோடு இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷனுடைய காதை விட்டுவிட்டு நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். "நான் கத்துனது தப்பு. தப்பு எம்மேலதான்" என்றேன். இதைச் சொல்வது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "இருக்கட்டும்க்கா" என்றார்.

"உன் கிடாரு எப்பிடிக் கேக்கணும்? அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தியே, இப்ப சொல்லு."

அவர் எழுந்துபோய் ஒரு மெல்லிசான பீங்கான் கப்பு, வேகாத ஒரு பச்சைக் கப்பு, ஒரு தடித்த டீ மக்கு, மூன்றையும் கொண்டுவந்து தரையில் வைத்தார். மெல்லிசான கப்பைத் தட்டினார். கிண் என்று காதில் குத்தியது.

"இது ஆன்லைன்ல வாங்குனது."

பச்சைக் கப்பைத் தட்டினார். பொத்.

"இது நேத்து நீங்க சுத்துனது. கோச்சுக்காதீங்க."

கடைசியாக மக்கைத் தட்டினார். டிங் என்று ஆரம்பித்து, உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி கனமாக நின்று, மெதுவாக அடங்கியது.

"இதுதாங்க்கா என்னோடது. அடிச்ச உடனே வரணும், ஆனா சப்பையா இருக்கக் கூடாது, நிக்கணும்."

"அந்த மக்கை எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலையில கடைக்கு வா" என்றேன்.

5. கழற்றக் கழற்ற

பாபினுக்கு எங்கே போவது? கடைக்குத் திரும்பி உருகின கட்டியை உடைத்து ஆறு காந்தத்தையும் எடுத்தேன். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஜையில் மோட்டார் ஸ்லாட்டுக்குப் போடுகிற ஃபைபர் ஷீட் கிடந்தது. மோட்டார் சூட்டையே தாங்குகிற சாமான். அதை மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று இரண்டாக வெட்டி, ஆறு ஆறு ஓட்டை போட்டு, காந்தங்களையே தூண்களாக நிறுத்தினேன். தூண்களைச் சுற்றி ஒரு வரிசை டேப் ஒட்டியதும் புதுப் பாபின் தயார். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

காந்தங்கள் தனித்தனியாக என் கையில் உருளும்போதுதான் இன்னொன்று தோன்றியது. இரைச்சல். டியூப்லைட், சீரியல் செட், ஜெனரேட்டர் எல்லாவற்றின் இரைச்சலும் இரண்டு பிக்கப்பிலும் ஒரே மாதிரி வந்து விழுகிறது. ஒன்றை எதிர்த் திசையில் சுற்றினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரைச்சல் செத்துவிடும். ஆனால் தந்தியின் சத்தமும் அதோடு சேர்ந்து செத்துவிடுமே? காந்தத்தையும் தலைகீழாக வைத்துவிட்டால் சாகாது. தந்திக்கு இரண்டு தடவை திரும்பினதில் பழையபடி நேராகிவிடும். இரைச்சல் காந்தத்தைப் பற்றிக் கவலைப்படாது, அது மட்டும் எதிராகவே நிற்கும். வேலை செய்கிற மற்றப் பிக்கப்பின் தலையில் ஒவ்வொரு காந்தத்தையும் காட்டிப் பார்த்து, ஒட்டுகிற முனையை மேலே வைத்தேன். பழைய பாபின் உருகாமல் இருந்திருந்தால் காந்தத்தை அசைத்திருக்கவே முடியாது. அந்த நாளில் முதல் தடவையாக எனக்கு மூச்சு வந்தது.

இந்தத் தடவை ஒன்பதாயிரம் சுற்றினேன், எதிர்த் திசையில், சுற்று எண்ணுகிற கவுண்டரைப் பார்த்து, நோட்டில் எழுதி. மறுநாள் யூனிட்டில் லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே குமரேசன் மக்கோடு வந்து உட்கார்ந்தார். பிக்கப்பைத் தந்திக்குக் கீழே வைத்து கிளிப் போட்டு ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தேன். அவர் ஒரு தட்டு கிடாரில், ஒரு தட்டு மக்கில்.

"இன்னும் கம்பளிதாங்க்கா."

முந்நூறு சுற்று கழற்றினேன். தட்டினார். தலையை ஆட்டினார். இன்னும் முந்நூறு. என் கை பரபரத்தது. ஒரேயடியாக ஆயிரம் கழற்றிவிட்டால் என்ன என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் முழுசாக அடங்கும்வரை கேட்டார். நானும் கேட்டேன். மூன்றாவது தடவையில் எனக்குக்கூட ஏதோ விலகின மாதிரி இருந்தது.

"கம்பளி போயிடுச்சா?" என்றேன்.

"போர்வை இருக்குது."

ஐந்தாவது தடவை, ஏழாயிரத்து ஐந்நூறில், அவர் ஆறு தந்தியையும் சேர்த்து ஒரு தட்டு தட்டிவிட்டுக் கையை எடுத்தார். அது நின்று, கனத்து, மெதுவாக அடங்கியது. அவர் மக்கைத் தட்டவே இல்லை.

"நிறுத்துங்கக்கா. இதுதான். தொடாதீங்க."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. எனக்கும்தான், சொல்வதற்கு என்ன வெட்கம். நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன்.

இன்னும் ஊளைக்கு வழி செய்ய வேண்டும். வார்னிஷ் பேச்சையே எடுக்கவில்லை. மெழுகுவர்த்திகளை ஒரு டம்ளரில் போட்டு, அந்த டம்ளரைக் கொதிக்காத வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி உருக்கினேன். பிக்கப்பை அதில் இறக்கப் போனபோது குமரேசன் எழுந்துவிட்டார்.

"மறுபடி சூடாக்கா?"

"ஃபைபரு உருகாதுப்பா. மெழுகு உள்ள போய் உக்காந்துக்கும், அவ்ளோதான்."

"நீங்க பண்ணுங்க. நான் பாக்கல" என்று தெருவில் போய் நின்றுகொண்டார். உள்ளேயிருந்து காற்றுக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. அவை நிற்கும்வரை நான் பாத்திரத்தை விட்டு நகரவில்லை, இடது கை எதையும் முறுக்கவும் இல்லை. எடுத்துத் துடைத்து, ஆறவிட்டு, மாட்டிக் கொடுத்தேன். வால்யூமை முழுசாக வைத்தோம். ஊளை இல்லை.

6. மாசி மக மேடை

கச்சேரி சாயங்காலம் ஆறு மணிக்கு. நான் ஐந்து மணிக்கே போய்விட்டேன். உட்கார முடியவில்லை. மேடையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். ஜெனரேட்டர் வண்டி மேடைக்கு ஒட்டினாற்போல நின்றது. அதற்கு மேலே கிளை கிளையாகச் சீரியல் செட். போச்சுடா என்று நினைத்தேன். கடையில் ஒரு டியூப்லைட்டை வைத்துச் சோதனை செய்ததெல்லாம் ஒரு சோதனையா?

மாஸ்டர் மைக்கில் செக் சொல்லிக்கொண்டிருந்தார். குமரேசன் பிளக்கைச் சொருகினார். முதலில் ஸ்விட்ச் ஒரே பிக்கப்பில் இருந்தது போலிருக்கிறது. ஙொய் என்று இரைந்தது. மாஸ்டர் முகம் போன போக்கு எனக்குக் கீழே இருந்தே தெரிந்தது. குமரேசன் ஸ்விட்சை நடுவில் தள்ளினார், இரண்டு பிக்கப்பும் சேர்ந்தன. இரைச்சல் கத்தரித்த மாதிரி நின்றது.

மாஸ்டர் திரும்பினார். "ஏம்பா, ஒயரு கழண்டுடுச்சா?"

"இல்ல மாஸ்டர், ஆன்லதான் இருக்குது." ஒரு தட்டு தட்டிக் காட்டினார். மாஸ்டர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டார்.

நான்காவது பாட்டோ ஐந்தாவதோ. நடுவில் பாட்டு நின்று கிடார் மட்டும் வருகிற இடம் ஒன்று. கொஞ்ச நாளாகவே அந்த இடத்தில் மாஸ்டர் கீபோர்டில் கிடார் சவுண்டைப் போட்டுத் தானே வாசித்துவிடுவாராம். குமரேசன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாராம். இது எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்றைக்கும் மாஸ்டர் பட்டனைத் தட்டிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். குமரேசனும் கூடவே ஆரம்பித்துவிட்டார். இரண்டு கிடார் ஒரே நேரத்தில். ஒன்று கப்பு, ஒன்று மக்கு. எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

நாலு நொடி இருக்கும். மாஸ்டர் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

குமரேசன் தனியாக வாசித்தார். ஒவ்வொரு தட்டும் வந்து, நின்று, கனத்து, அடங்கியது. எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒருவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், இரண்டு கையும் சும்மா கிடந்தன.

முடிந்து சாமான்களை ஏற்றும்போது நான் பக்கத்திலேதான் நின்றேன். மாஸ்டர் நன்றாக வாசித்தாய் என்றெல்லாம் சொல்லவில்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அடுத்த வெள்ளிக்கிழம பெண்ணாடம். நாலு மணிக்கு வேன். லேட்டு பண்ணாத."

குமரேசன் என்னைப் பார்த்தார். "சரிங்க மாஸ்டர்" என்றார்.

7. அதற்கு அடுத்த நாள்

பெண்ணாடம் பக்கத்திலிருந்து ஒரு கரும்புக்காரர் மோட்டாரை இறக்கினார். "காயில் போயிடுச்சிங்க, சுத்திக் குடுங்க" என்றார். மின் கசிவு பார்க்கிற மெக்கரை வைத்தேன். இன்சுலேஷன் குறைவாகக் காட்டியது. அந்த அளவுக்குக் காட்டினால் வெட்டிவிடுவது என் வழக்கம். உளியையும் எடுத்துவிட்டேன். எடுத்தவள், அப்படியே கீழே வைத்தேன்.

"ஓடும்போது எப்பிடிச் சத்தம் போட்டுச்சு?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மோட்டாருங்க. ஓடணும், அவ்ளோதான்."

"இல்ல, சொல்லுங்க. எனக்கு நேரம் இருக்குது."

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது எனக்கே ஆச்சரியம். அவர் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்தவே இல்லை. "போன மாசத்துலேருந்து ஒரு முனகலுங்க. ஸ்டார்ட் பண்ணும்போது இருக்காது. கொஞ்ச நேரம் கழிச்சு ஆரம்பிக்கும். வூட்டு வாசல்ல நின்னா கேக்கும். நிறுத்துனாக்க கரகரன்னு ரெண்டு சுத்து சுத்தி நிக்கும். என் சம்சாரம்கூட சொன்னா, இது கம்பி எரியற சத்தம் இல்லன்னு. பொம்பள பேச்சுன்னு நான்தான் விட்டுட்டேன்."

பிரித்துப் பார்த்தேன். பேரிங் போயிருந்தது. காயில் எரியவே இல்லை. ஈரம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். குமரேசனிடம் கொடுத்து ஒரு ராத்திரி சூளையறையில் வைத்து எடுத்து, புதுப் பேரிங் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் ஓடுகிறது.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மீட்டர் வையுங்கள், டேட்டா எழுதுங்கள், எல்லாம் சரி. அதற்கு முன்னால் கொண்டுவந்தவரைப் பேச விடுங்கள். அந்தக் கரும்புக்காரர் போன பிறகு கடையின் பின்பக்கம் போனேன். வெட்டியெறிந்த பழைய செம்புக் கம்பி அங்கே சாக்கு சாக்காகக் கிடந்தது. முப்பத்தாறு வருஷத்தில் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எத்தனை நல்ல காயிலை வெட்டியிருப்பேனோ, எனக்குத் தெரியவில்லை.